அம்மா என்று சொல்லும் கணினிப் பசு

நம்ம பள்ளிக் கணினி அறையில் ஒரு பசு இருக்கிறது, தெரியுமா? புல் தின்னாது, சாணி போடாது. நாம் சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்லும்.

அதன் பெயர் கவ்சே. 'பசு சொல்கிறது' என்று அர்த்தம். லினக்ஸ் உள்ள கணினியில் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறக்க வேண்டும். கவ்சே என்று ஆங்கிலத்தில் அடித்து, பக்கத்தில் ஏதாவது ஒரு சொல்லையும் அடித்து என்டர் தட்டினால் போதும். பசு வந்து நிற்கும். படக்கதையில் வருவதுபோல அதன் தலைக்கு மேல் ஒரு கட்டம், அதற்குள் நம் சொல். பசு முழுக்கக் கீபோர்டில் உள்ள குறிகளால் ஆனது. கண்ணுக்கு இரண்டு ஆங்கில ஓ, மடிக்கு ஒரு டபிள்யூ. கட்டளையில் ஒரு சிறு கோடு போட்டு ஜி சேர்த்தால் கண் இரண்டும் டாலர் குறியாகிவிடும். பேராசைப் பசுவாம்! டி சேர்த்தால் பாவம், செத்துப்போய் நாக்கைத் தொங்கவிடும். எனக்கு அது பிடிக்கவில்லை.

இதை டோனி மன்றோ என்பவர் பெர்ல் என்ற கணினி மொழியில் எழுதினார். நிரலுக்குள்ளேயே 1999-2000 என்று போட்டிருக்கிறது. ஓப்பன் சோர்ஸ் என்பதால் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், திருத்தலாம்.

இனிமேல்தான் விஷயம். நம்ம ஊர்ப் பசு 'அம்மா' என்றுதானே கத்தும்? நானும் தமிழில் 'அம்மா' என்று அடித்தேன். சொல் சரியாக வந்தது. ஆனால் கட்டத்தின் மேல்கோடும் கீழ்க்கோடும் எங்கேயோ நீண்டு போய்விட்டன. பக்கக் குறி மட்டும் சொல்லை ஒட்டி நின்றது. பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். "தமிழ்ல அடிச்சா இப்படித்தான் ஆகும், இங்கிலீஷ்லயே அடிடீ" என்றாள் ஒருத்தி. எனக்கு அழுகை வராத குறை.

டீச்சரிடம் கேட்டேன். நிரலைத் திறந்து, நீளத்தை அளக்கும் வரியைக் காட்டினார். கோடு எவ்வளவு தூரம் போடுவது என்று தெரிய, கவ்சே முதலில் சொல்லை அளக்கிறது. நமக்கு அது அ, ம், மா என்று 3 எழுத்து. யூனிகோடு முறையில் கணினி அதையே அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று 5 ஆகப் பிரித்து வைக்கிறது. ஒவ்வொன்றையும் சேமிக்க 3 பைட். ஆக 15 பைட். ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். எங்கள் கணினியில் இருக்கும் பழைய பதிப்பு எழுத்தை எண்ணாமல் பைட்டை எண்ணுகிறது. அதனால்தான் 3 எழுத்துச் சொல்லுக்கு 15 எழுத்துக்கான கட்டம்! தமிழ் பேரில் தப்பே இல்லை. எண்ணத் தெரியாதது கவ்சேதான். சிரித்தவர்கள் கவனிக்கவும்.

டெபியன் லினக்ஸில் வரும் கவ்சேயில் இதைத் திருத்தியிருக்கிறார்கள். எழுத்து திரையில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று அளக்கும் ஒரு லைப்ரரியை அதோடு சேர்த்திருக்கிறார்களாம். அதை எங்கள் கணினியிலும் போடலாம் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்று. பசுவின் படம் தனிக் கோப்பில் இருக்கிறது. அதேபோல நாமும் வரைந்து சேர்க்கலாம். நான் எங்க வீட்டு வெள்ளாட்டை வரைந்துகொண்டிருக்கிறேன். கொம்பு நன்றாக வந்துவிட்டது, தாடிதான் கோணலாக இருக்கிறது. பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் கணினி அறைக்கு வாங்க.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி