கண்ணில் விடும் துளியும் நெஞ்சில் வரும் முட்டும்

குளுக்கோமா எனும் கண் அமுக்க நோய்க்கு வைத்தியர் எழுதித் தரும் துளிமருந்தை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. ஒரு துளிதானே, கண்ணோடு நின்றுவிடும் என்று நினைக்கிறோம். ஆனால் கண்ணின் உள்மூலையிலிருந்து மூக்குக்குச் செல்லும் சிறு குழாய் ஒன்று உண்டு. அழும்போது மூக்கும் ஒழுகுவது அதனால்தான். விட்ட மருந்தில் ஒரு பங்கு அவ்வழியே இறங்கி இரத்தத்தில் கலக்கிறது.

1978இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று இன்றும் பரவலாகக் கொடுக்கப்படும் டிமோலோல் கண்ணின் அமுக்கத்தைக் குறைக்கிறது. அதேவேளை சுவாசக் குழாய்களைச் சுருக்கவும் இதயத் துடிப்பை மந்தமாக்கவும் அது வல்லது. முட்டு வருத்தம் உள்ளவருக்கு ஒரு துளியே ஆபத்தாகலாம். ஆகவே ஆஸ்துமா, இதய நோய் என்பவற்றை வைத்தியர் கேட்கும்வரை காத்திராமல் நாமே முந்திச் சொல்ல வேண்டும். சிறுவயதில் வந்து மறைந்த இழுப்பையும் மறைக்கக் கூடாது. சலரோகத்துக்கு ஊசியோ குளிசையோ எடுப்போரும் சொல்ல வேண்டும். இரத்தத்தில் சீனி இறங்கும்போது வரும் படபடப்பை இம்மருந்து தெரியவிடாது. அயல்வீட்டாரின் போத்தலை இரவல் வாங்கி விடுவது (எமது கிராமங்களில் இதுவும் நடக்கிறது) எவ்வளவு விபரீதம் என்பது இப்போது விளங்கும்.

துளி விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரமாக உள்மூலையை இரண்டு நிமிடம் மெதுவாக அழுத்திப் பிடித்தால் இரத்தத்தில் சேரும் அளவு குறையும்.

பயந்து மருந்தைத் தாமாகவே கைவிடுவோர் நோவின்றியே பார்வையை இழக்கிறார்கள். போன பார்வை திரும்பாது. மூச்சு முட்டினால் அடுத்த துளியை விடாமல், போத்தலையும் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மாற்றிக் கொடுக்க வேறு வகைத் துளிகள் உண்டு.