டி டிரைவில் ஒரு வாடகை ஒப்பந்தம்

ஊரப்பாக்கம் ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடை. போன தடவை அடித்த வாடகை ஒப்பந்தத்தில் தேதியை மட்டும் மாற்றி வாங்கப் போயிருந்தேன். "இதுக்குள்ளதான் சார் எங்கயோ இருக்கு" என்றார் கடைக்காரர். 'இது' என்றால் டி டிரைவ். பத்திர நகல், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி என்று பாதி ஊரே அதற்குள் கிடந்தது.

விண்டோஸ் தேடலில் பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருந்தது. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் மாதிரி இடங்களுக்குத்தான் அது தானாக அட்டவணை போட்டு வைக்கும். நம் கடைகளில் வேலையெல்லாம் டி டிரைவில்.

அடுத்து 'எவ்ரிதிங்'. வாய்ட்டூல்ஸின் இலவச மென்பொருள். விண்டோஸ் டிஸ்க்கில் எல்லா ஃபைலின் பெயரும் 'மாஸ்டர் ஃபைல் டேபிள்' என்ற ஒரே பேரேட்டில் இருக்கும்; எவ்ரிதிங் அதை நேராகப் படித்துவிடுகிறது. தட்டத் தட்டப் பட்டியல் சுருங்குகிறது. வேகத்தில் அதற்கு ஈடாக நான் வேறொன்றைப் பார்த்ததில்லை. ஆனால் வந்து நின்றவை 'ரென்ட் நியூ', 'ரென்ட் ஃபைனல்', 'ரென்ட் ஃபைனல் 2'. பெயரை நம்பிப் பயனில்லை, உள்ளே பார்க்க வேண்டும்.

அதற்கு டாக்ஃபெட்சர் உண்டு. முதலில் அட்டவணை போடும், பிறகு சட்டென்று தேடும். ஏஜென்ட் ரான்சாக் அட்டவணை கேட்காது, ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து பார்க்கும். ஒரு தடவை தேடுவதற்கு இரண்டாவதே வசதி. அதில் என் பெயரை யூனிகோடில் தட்டினேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

காரணம் பாமினி எழுத்துரு. திரையில் 'தமிழ்' என்று தெரிவது ஃபைலுக்குள் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி, அவ்வளவுதான். கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கிலம். தமிழக அரசு 2010லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது, கடைக்காரர் விரல்களுக்கு இன்னும் தகவல் போகவில்லை.

அந்த விரல்கள்தான் காப்பாற்றின. "தள்ளுங்க சார்" என்று கீபோர்டை இழுத்தவர், பாமினியில் அடிப்பதுபோலவே என் பெயரைத் தேடல் பெட்டியில் அடித்தார். பெட்டியில் விழுந்தது அர்த்தமில்லாத ஆங்கிலம். பட்டியலில் விழுந்தது என் ஒப்பந்தம்.

பென் டிரைவிலும் ஒரு காப்பி வாங்கிக்கொண்டேன். வீட்டு லேப்டாப்பில் பாமினி இல்லை. திறந்தால், வீட்டுக்காரர் பெயரும் என் பெயரும் இருக்கவேண்டிய இடத்தில் அரைப்புள்ளிகள் மொய்த்துக்கொண்டிருந்தன.