ஒன்பது பொதிகளும் ஒரு பெயரும்

தெஹியோவிட்டத் தோட்டங்களில் விடியற்காலையில் இறப்பர் பால் வெட்டச் செல்லுங் கைகளை நாம் அறிவோம். அப்பால் எந்நாடு சென்று எப்பொருளாகின்றது என்பதை அக்கைகள் அறியா. அப்பொருளை வாங்குவோரும் அக்கைகளை அறியார். இஃது இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. அமெரிக்காவின் புகழ்பெற்ற யேல் சர்வகலாசாலைக்குப் பெயர் வந்த வரலாறே இதற்குச் சான்று.

எலிஹு யேல் 1649ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரிற் பிறந்தவர். மூன்று வயதிற் பெற்றோருடன் இங்கிலாந்து சென்ற அவர், பின்னர் ஒரு முறையேனும் பிறந்த மண்ணை மிதித்தாரல்லர். 1672இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எளிய இலிகிதராகச் சென்னையில் வந்திறங்கினார். பதினைந்தே ஆண்டுகளில், 1687இல், சென்னைக் கோட்டையின் தேசாதிபதியாக உயர்ந்தார். சென்னை மாநகரசபை 1688இல் தொடங்கப்பட்டதும் அவர் ஆட்சியிலேதான்.

ஆயினும், ஆட்சிக்கோலும் தராசும் ஒரே கையில் இருப்பின் நேர்வது யாது? சொந்த வாணிபத்தால் அவர் பெருஞ்செல்வம் குவித்தார். பதவியைத் தம் இலாபத்துக்குப் பயன்படுத்தினார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 1692இல் பதவி பறிபோயிற்று. பஞ்சம் வாட்டிய அந்நாட்களில் சென்னைத் துறையிலிருந்து மனிதர்களும் அடிமைகளாய்க் கப்பலேற்றப்பட்டனர். அவ்வாணிபத்துக்கு இடமளித்த கோட்டை ஆட்சிக் குழுவில் யேலும் அங்கம் வகித்தார் என்பதை மறைத்தல் தகாது.

1699இல் அவர் செல்வத்துடன் இங்கிலாந்து திரும்பினார். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் சிறு கல்லூரியொன்று கட்டட நிதியின்றித் தவித்தது. அதற்கு உதவுமாறு பாஸ்டன் மதகுரு கொட்டன் மாதர் 1718இல் அவருக்குக் கடிதம் வரைந்தார். யேல் ஒன்பது பொதிச் சரக்கும், 417 நூல்களும், முதலாம் ஜோர்ஜ் மன்னரின் ஓவியமும் அனுப்பிவைத்தார். மஸ்லின், கலிக்கோ முதலிய துணிகள் அடங்கிய அச்சரக்கு ஏறத்தாழ 562 பவுணுக்கு விலைபோயிற்று. நன்றிக்கடனாகக் கல்லூரி அவர் பெயரைச் சூடிக்கொண்டது. 1721இல் அவர் மறைந்தார்; பெயர் நிலைத்தது.

அச்செல்வத்துக்கு வித்திட்டது சோழமண்டலக் கரை. அங்கே தறியில் அமர்ந்து துணி நெய்த நம் இனத்தார் பெயரை எக்கட்டடமும் தாங்கவில்லை. அடிமை முறையுடன் தனக்கிருந்த தொடர்புகளுக்காக அச்சர்வகலாசாலை 2024இல் வெளிப்படையாக மன்னிப்புக் கோரியது. முந்நூறு ஆண்டுகள் கடந்தேனும் கேள்விகள் கேட்கப்பட்டதன் பயன் அது.

மாணவச் செல்வங்களே! பெரிய பெயர்ப்பலகைகளைக் காணும்போது, அவற்றில் எழுதப்படாத பெயர்களையும் தேடுங்கள். அத்தேடலை இன்று மாலையே தொடங்கலாம். உங்கள் பாட்டியின் அருகிலமர்ந்து, அவர் பால் வெட்டிய மரங்களின் கதையைக் கேளுங்கள். கேட்டதை எழுதியும் வையுங்கள்.