துத்தநாகம் தனித்திருப்பதில்லை

பூவிருந்தவல்லி, வில்லிவாக்கம் ஊராட்சி ஒன்றியங்களைச் சார்ந்த சிற்றூர்களில் துத்தநாகத்தைக் காணாத வீடு இல்லை எனலாம். மாட்டுக் கொட்டகையின் மேற்கூரைத் தகடு, கிணற்றடி வாளி, ஜி.ஐ. குழாய், வேலிக்கம்பி ஆகிய யாவும் துத்தநாகம் பூசிய இரும்பேயாகும். பூசையறைப் பித்தளை விளக்கிலும் செம்போடு கலந்து நிற்பது அதுவே. இவ்வளவு பழகிய பொருளாயினும், அது மண்ணில் எவ்வாறு கிடைக்கிறது என்பதில் நம்மிடையே தெளிவு போதாது.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964ஆம் ஆண்டில் தோன்றியது. ஆவடியின் பெருந்தொழிற்சாலைகளும் ஏறத்தாழ அக்காலத்தில் வளர்ந்தவையே. அவற்றைச் சுற்றியுள்ள ஊர்களில் வாய்க்கால் வெட்டும்போதும் கிணறு தூர் எடுக்கும்போதும் நீலம் கலந்த வெண்ணிறமுடைய கனத்த உலோகக் கட்டிகள் சில வேளைகளில் அகப்படுகின்றன. “எங்கள் ஊர் மண்ணில் துத்தநாகம் விளைகிறது, சிலர் வெள்ளி என்றும் சொல்கிறார்கள், கனிம வளத் துறைக்கு எழுதலாமா?” என்று ஊராட்சி உறுப்பினர் சிலர் நம்மை வினவுவதுண்டு. இத்தகைய பேச்சு பரவுமிடத்தில் நிலத்தின் விலையைத் தாறுமாறாக ஏற்றிப் பேசுவோரும் வந்து சேருவர். ஆகவே இதற்கு விடை தெரிந்திருப்பது நன்று. அக்கட்டி துத்தநாகமாகவே இருக்கலாம். ஆனால் அது மண்ணில் விளைந்ததன்று. இரும்புக்கு முலாம் பூசும் பட்டறைத் தொட்டியில் தங்கிய கசடோ, வார்ப்படப் பட்டறையில் சிந்திய உலோகமோதான் அது.

இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்ல முடியும்? அதற்கு அவ்வுலோகத்தின் இயல்பைச் சிறிது ஆராய வேண்டும்.

துத்தநாகம் தண்ணீரைப்போல் 7 மடங்குக்குச் சற்று அதிகமான எடையுள்ளது. வெள்ளியோ பத்தரை மடங்கு, ஈயமோ 11 மடங்குக்கு மேல். ஈயத்தை நகத்தால் கீறலாம். துத்தநாகக் கட்டியைச் சுத்தியால் அடித்தால் படிகம் படிகமாகப் பிளந்து உடையும். 100 முதல் 150 டிகிரி சென்டிகிரேடு வரை சூடாக்கினால் மட்டும் அது இளகிய குணம் பெற்றுத் தகடாக அடிக்க இடங்கொடுக்கும். 200 டிகிரியைத் தாண்டினால் மறுபடியும் நொறுங்கும். 419 டிகிரியில் உருகி, 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். இரும்பு உருகுவதற்கே 1,500 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பதை ஒப்பிட்டால், இவ்வுலோகம் எத்துணை எளிதில் ஆவியாவது என்பது விளங்கும்.

இன்னொரு இயல்பு இதனினும் முக்கியமானது. துத்தநாகம் தனியே இருக்க ஒருப்படாது. பிராணவாயுவைக் கண்டால் அதனோடு கூடும். கந்தகத்தைக் கண்டால் அதனோடு சேரும். ஈரமும் கரியமிலவாயுவும் உள்ள இடத்தில் அவற்றோடு இணைந்து சாம்பல் நிறப் படலமாகும். புதுத் தகட்டின் பளபளப்பு சில மாதங்களில் மங்குவது இதனாலேயே. இரும்பைக் காப்பாற்றுவதும் இந்தக் குணந்தான். பூச்சு கீறிய இடத்தில் ஈரம் பட்டால் துத்தநாகம் முந்திக்கொண்டு தான் கரைந்து, இரும்பைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. (இதே காரணத்தால் நாகம் பூசிய பாத்திரத்தில் புளிக்கரைசலையோ மோரையோ ஊற்றி வைத்தல் ஆகாது. புளிப்பில் துத்தநாகம் கரைந்து உணவில் கலக்கும். உண்டவருக்கு வாந்தி உண்டாகும்.)

தங்கம் எவற்றோடும் எளிதில் கூடாது. ஆகையால் ஆற்று மணலில் தங்கமாகவே கிடைக்கிறது. செம்பும் வெள்ளியும் ஓரளவு அவ்வாறே. துத்தநாகம் கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் தனியாக இருந்திருக்க வழியில்லை. உலகில் இயற்கையான தனித் துத்தநாகம் எங்கும் இல்லவே இல்லை என்று சொல்வதற்கில்லை. ருஷிய நாட்டுக் கம்சாட்காவின் டோல்பாச்சிக் எரிமலைப் பகுதியில் நுண்ணிய துகள்களாகக் கண்டிருக்கின்றனர். அவை அறிவியலாரின் கண்ணாடிப் பேழைக்குரியவை. கூடையில் அள்ளத்தக்கவை அல்ல.

சுரங்கத்தில் கிடைப்பது துத்தநாகமும் கந்தகமும் கூடிய கனிமமே. ஸ்பாலரைட் என்று அதற்குப் பெயர். ஏமாற்றுவது என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது. ஈயக் கனிமத்தைப்போல் தோன்றி, ஈயம் தராமல் சுரங்கக்காரரை ஏமாற்றியதால் அப்பெயர் பெற்றதாம். பழுப்பும் கறுப்புமாகப் பிசின்போல் மின்னும் அக்கல்லைப் பார்த்து எவரும் உலோகம் என்று சொல்லமாட்டார்கள்.

நம் தமிழகத்திலும் அது இல்லாமலில்லை. பழைய தென்னார்க்காடு மாவட்டத்து மாமண்டூரில் செம்பு, ஈயம், துத்தநாகம் மூன்றும் கந்தகத்தோடு கலந்து பாறையில் இருப்பதை நிலவியலார் கண்டறிந்துள்ளனர். (செங்கற்பட்டுக்கருகேயுள்ள மாமண்டூர் இதுவன்று.) ஆனால் நம் பகுதியின் நிலம் வேறு வகையானது. கூவமும் கொசத்தலையாறும் அடையாறும் கொணர்ந்த வண்டலும் களியும் மேலே உள்ளன. அடியில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துப் பழைய களிப்பாறை அடுக்கும், பல்லாவரம் குன்றுகளில் வெளித்தெரியும் கருங்கல்லும் உள்ளன. இவற்றில் துத்தநாகச் சுரங்கம் தோண்டலாம் என்று எவரேனும் கூறினால் நம்பிப் பணம் கொடுக்கலாகாது.

இந்தியாவின் துத்தநாகம் இராஜஸ்தானத்திலேயே மிகுதி. பில்வாரா மாவட்டத்து ராம்புரா ஆகுச்சாவில் 1977ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட படிவு உலகப் பெரும் படிவுகளில் ஒன்று. ஆயினும் நாம் பெருமையோடு எண்ணத்தக்க இடம் உதயப்பூருக்கருகிலுள்ள ஜாவர். கனிமத்தைக் கரியோடு சேர்த்துச் சுட்டால் துத்தநாகம் பிரியும். ஆனால் பிரியும்போதே அது ஆவியாக எழும். காற்றுப் பட்டதும் எரிந்து மறுபடி வெண்சாம்பலாகிவிடும். எனவே நெருப்பிலிருந்து வரும் ஆவியைக் காற்றுப் படாமல் குளிரவைக்க வேண்டும். ஜாவர் மக்கள் கத்தரிக்காய் வடிவில் களிமண் குடுவைகள் செய்து, அதற்குள் கனிமமும் கரியும் அடைத்து, வாயைக் கீழ்நோக்கிக் கவிழ்த்து, ஓர் உலையில் 36 குடுவைகளாக அடுக்கினர். உள்ளிருப்பது கொட்டிவிடாதபடி வாயில் ஒரு குச்சியைச் செருகினர். சூட்டில் குச்சி எரிந்துபோக, அந்த வழியே ஆவி கீழிறங்கிக் குளிர்ந்த அறையில் உலோகமாகச் சொட்டியது. ஐரோப்பாவில் வில்லியம் சாம்பியன் என்பார் பிரிஸ்டல் நகரில் இத்தொழிலுக்கு உரிமை பெற்றது 1738ஆம் ஆண்டில். ஜாவரில் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே உலைகள் எரிந்துகொண்டிருந்தன. 1983ஆம் ஆண்டு அகழ்வாய்வில் அவ்வுலைகள் குடுவைகளோடு வெளிப்பட்டன. எரித்துத் தீர்ந்த குடுவைகளைச் செங்கல்போல் அடுக்கி எழுப்பிய பழைய வீட்டுச் சுவர்களையும் அங்குக் காணலாம். கசடையும் வீணாக்காத அச்சிக்கனம் நம் உழவர்க்குப் பிடிக்கக்கூடியது.

சுரங்கத்தின் கதை இத்துடன் நிற்கட்டும். துத்தநாகத்தின் இதே குணம் நம் நெல் வயலிலும் வேலை செய்கிறது என்பதே உழவர் பெருமக்கள் கருத்திற்கொள்ள வேண்டியது.

மண்ணில் துத்தநாகம் இல்லாத நிலம் இல்லை. பத்து லட்சம் பங்கு மண்ணில் 50 பங்கு அளவு இருப்பது இயல்பு. ஓர் ஏக்கரின் உழுமண் சுமார் ஒன்பது லட்சம் கிலோ எடையுள்ளது எனக் கொண்டால், அதில் 45 கிலோ துத்தநாகம் அடங்கியிருக்கும். இரண்டரை டன் நெல் விளைவித்து வைக்கோலோடு அறுத்தெடுத்தால் அது கொண்டுபோவது ஏறத்தாழ 100 கிராமே. கணக்குப்படி நூற்றுக்கணக்கான போகங்களுக்குப் போதுமான இருப்பு. ஆயினும் தமிழகத்தில் பரிசோதித்த மண் மாதிரிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் துத்தநாகக் குறை காணப்பட்டிருக்கிறது. காரணம் யாதெனில், வயலிலும் அது தனித்திருப்பதில்லை. களியோடும் சுண்ணாம்போடும் ஒட்டிக்கொள்கிறது. மணிச்சத்தோடு கூடிக் கரையாத பொருளாகிறது. நீர் வடியாமல் தேங்கி நிற்கும் வயலில் ஒரு பகுதி கந்தகத்தோடு சேர்ந்து சுரங்கக் கனிமத்தின் இனமாகவே மாறிவிடுகிறது. பூட்டிய பெட்டியில் நெல் இருந்தால் பசித்தவனுக்கு என்ன பயன்?

நேமம் பக்கத்து நஞ்சைகளைப்போல ஏரி நீர் நெடுநாள் தங்கும் களிநிலத்திலும், களர் நிலத்திலும், உப்பும் காரமும் கலந்த கிணற்று நீர் பாயுமிடத்திலும், ஆண்டுதோறும் மணிச்சத்து உரத்தை அளவின்றி இட்ட வயலிலும் இக்குறையை எதிர்பார்க்கலாம். நட்ட இரண்டு, மூன்று வாரங்களில் அடையாளம் தெரியும். இளந்தாளின் அடிப்பகுதி நடுநரம்பையொட்டி வெளுக்கும். கீழ்த்தாள்களில் துருப்போன்ற பழுப்புப் புள்ளிகள் தோன்றிப் பரவும். பயிர் திட்டுத்திட்டாகக் குட்டையாக நிற்கும். 1966ஆம் ஆண்டில் இமயமலை அடிவாரத்துப் பந்த்நகரில் ஒய். எல். நேனே என்னும் ஆய்வாளர், ‘கைரா’ என்று உழவர் அஞ்சிய நெல் நோய்க்குக் கிருமி காரணமன்று, துத்தநாகக் குறையே காரணம் என்று நிறுவினார். அதற்கு முன் எத்தனை உழவர் நோய் மருந்துக்கு வீண்செலவு செய்திருப்பார்கள்! இன்றும் புள்ளியைக் கண்டவுடன் மருந்துக் கடைக்கு ஓடுவோர் நம்மிடையே உளர். முதலில் மண்ணைப் பார்ப்பதே முறை. 2015ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மண் வள அட்டையில் குறிக்கப்பெறும் 12 கூறுகளில் துத்தநாகமும் ஒன்று. நம் மாவட்டத்துத் திரூர் வேளாண்மை அறிவியல் நிலையத்தாரிடமும் ஆலோசனை பெறலாம்.

குறை உறுதியானால் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ உலர்ந்த மணலுடன் கலந்து, கடைசி உழவு முடிந்து சமன்செய்தபின், நடவுக்கு முன் சீராகத் தூவுக. தக்கைப்பூண்டு முதலிய பசுந்தாள் உரம் ஏக்கருக்கு இரண்டரை டன் இட்டு மிதித்திருந்தால் இதில் பாதியே போதும். தழை மக்கும்போது தோன்றும் அமிலங்கள் மண்ணில் பூட்டிக் கிடக்கும் துத்தநாகத்தில் ஒரு பகுதியை அவிழ்த்துப் பயிருக்குத் தருகின்றன. நட்டபின் அடையாளம் கண்டால், 100 லிட்டர் நீரில் அரைக் கிலோ துத்தநாக சல்பேட்டும் ஒரு கிலோ யூரியாவும் கரைத்து, 15 நாளுக்கொரு முறை, குறி மறையும்வரை தெளிக்கலாம்.

டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட் போன்ற மணிச்சத்து உரங்களோடு இதைக் கலந்து இடுதல் கூடவே கூடாது. வேலை மிச்சம் என்று கருதிப் பலர் ஒரே கூடையில் கொட்டிக் கலக்குகின்றனர். கூடையிலேயே இரண்டும் பிணைந்து கரையாப் பொருளாகிவிடும். காசு கொடுத்து வாங்கிய துத்தநாகம் பயிருக்கு எட்டாது. ஐயமிருப்பவர் ஒரு கண்ணாடிக் குவளையில் டி.ஏ.பி.யைக் கரைத்துத் தெளியவைத்து, அத்தெளிவில் துத்தநாக சல்பேட்டுக் கரைசலை ஊற்றிப் பார்க்கட்டும். பால் திரிந்தாற்போல் கட்டி கட்டியாக வெண்பொருள் விழுவதைக் காணலாம்.

இதே சோதனைக்கு மற்றொரு பயனும் உண்டு. துத்தநாக சல்பேட்டு என்று சொல்லி, அதைப்போலவே வெண்படிகமாகத் தோன்றும், விலை குறைந்த மக்னீசியம் சல்பேட்டை விற்போர் இருக்கின்றனர். அது டி.ஏ.பி. தெளிவில் இவ்வாறு திரிவதில்லை. திரியாவிடில் அச்சரக்கை ஐயுறலாம். மேலும் தெளிய விரும்பினால், சரக்கைக் கரைத்த நீரில் நீர்த்த காஸ்டிக் சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கஞ்சிபோல் வெண்பொருள் தோன்றும். காஸ்டிக் சோடாவை மிகுதியாக விட்டதும் அது கரைந்து மறைந்தால் துத்தநாகம். கரையாமலே நின்றால் மக்னீசியம். காஸ்டிக் சோடா கையையும் கண்ணையும் புண்ணாக்குமாதலால் இச்சோதனையைக் கிராமச் சேவையில் பழகிய வேளாண் அலுவலரைக்கொண்டு செய்விப்பதே நலம்.

தொழிற்பேட்டையையொட்டிய ஊராட்சிகள் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். முலாம் பட்டறைக் கழிவு நீரில் துத்தநாகம் இருக்கிறது, ஆகவே அதை வயலுக்குப் பாய்ச்சலாம் என்று கூறுவோர் உளர். அந்நீரில் அமிலமும், குரோமியம் போன்ற வேறு உலோகங்களும் கலந்திருக்கலாம். துத்தநாகமே மிஞ்சினாலும் பயிர் வெளுத்து வேர் கருகும். ஏரிக்கோ வாய்க்காலுக்கோ அத்தகைய நீர் வருவதாகத் தெரிந்தால் ஊராட்சித் தலைவர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்கலாம்.

கடைசியாகச் சாக்கைப் பற்றி ஒரு சொல். துத்தநாக சல்பேட்டு இரு வகையாக விற்கப்படுகிறது. ஒன்றில் 21 விழுக்காடு துத்தநாகம் உண்டு. நீர் குறைந்த மற்றொன்றில் 33 விழுக்காடு. மேலே சொன்ன 10 கிலோ 21 விழுக்காட்டுச் சரக்குக்குரிய கணக்கு. 33 விழுக்காட்டுச் சரக்கானால் ஆறே கால் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக இட்டால் போதும். சாக்கின்மேல் அச்சிட்ட எண்ணைப் படித்து, விலையை அதற்கேற்ப ஒப்பிட்டு, பற்றுச்சீட்டோடு வாங்குக. 1985ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குட்பட்ட பொருள் இது. சரக்கில் ஐயமிருந்தால் அப்பற்றுச்சீட்டுடன் வட்டார வேளாண்மை உதவி இயக்குநரிடம் முறையிடலாம், அவர் மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்ப ஏற்பாடு செய்வார்.