‘பேமென்ட்’ முடிவது எப்போது? – டிக்கெட் அடுக்குகளைத் திருத்தி அமைப்பது எப்படி

வேலைகளை டிக்கெட்டுகளாகப் பதிவு செய்யும் ஜிரா மென்பொருளில், பல டிக்கெட்டுகளைத் தொகுக்கும் ஓர் எபிக்கைத் திறக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு ‘பேமென்ட்’. உள்ளே தொண்ணூறு டிக்கெட்டுகள். யூபிஐ இணைப்பு, கார்டு சரிபார்ப்பு, ரீஃபண்ட், ரசீதில் ஓர் எழுத்துப்பிழை என எல்லாம் ஒரே மூட்டையில் கிடக்கின்றன. வாரந்தோறும் ஐந்தாறு டிக்கெட்டுகள் முடிகின்றன. அதே அளவு புதிதாக வந்தும் சேர்கின்றன. “பேமென்ட் வேலை எப்போ முடியும்?” என்று மேலாளர் கேட்டால், திரையைப் பார்த்துப் பதில் சொல்ல யாராலும் முடியாது. வேலை செய்கிறவர்கள் மேல் குற்றம் இல்லை. டிக்கெட்டுகளை அடுக்கிய விதத்தில்தான் கோளாறு.

அந்த அடுக்கைப் பிரித்துச் சரியாக மறுபடி கட்டுவது பலருக்கும் பயம் தரும் வேலை. வரிசை தெரிந்து செய்தால் பயப்பட வேண்டியதில்லை.

அடுக்கு எதற்காக?

பெரிய வேலையைச் சிறு வேலைகளாகப் பகுத்து மரம்போல் வரையும் பழக்கம் மென்பொருளுக்காகப் பிறந்ததல்ல. 1962இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் நாசாவும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியிலேயே இந்த முறை விளக்கப்பட்டது. பின்னாளில் இதற்கு ‘நூறு சதவீத விதி’ ஒன்றும் வந்தது. கீழே உள்ள பகுதிகளை எல்லாம் கூட்டினால் மேலே உள்ள வேலை முழுதாக வர வேண்டும். குறையவும் கூடாது, கூடவும் கூடாது.

இன்றைய மென்பொருள்கள் இதே மரத்தைத்தான் வைத்திருக்கின்றன. ஜிராவில் மேலே எபிக். அதற்குக் கீழே ஸ்டோரி, டாஸ்க், பக் மூன்றும் ஒரே மட்டம். அதற்கும் கீழே சப்டாஸ்க். அஷூர் டெவ்ஆப்ஸின் அஜைல் முறையில் எபிக், ஃபீச்சர், யூசர் ஸ்டோரி, டாஸ்க் என நான்கு மட்டங்கள். இரண்டிலும் ஒரு டிக்கெட்டுக்கு மேல்மட்டத்தில் ஒரே ஒரு தாய் டிக்கெட், அதாவது பேரன்ட்தான் இருக்க முடியும். ஆகவே அந்த ஒரே இடத்தை எதற்குக் கொடுக்கிறோம் என்பது முக்கியம்.

‘முடிந்தது’ என்று சொல்லிப் பாருங்கள்

எந்த எபிக்கை மாற்ற வேண்டும் என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. அதன் பெயரோடு ‘முடிந்தது’ என்ற சொல்லைச் சேர்த்து வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘பேமென்ட் முடிந்தது’ என்றால் என்ன பொருள்? ஒன்றும் இல்லை. ஆப் இருக்கும்வரை பேமென்ட்டும் இருக்கும். ‘யூபிஐயில் பணம் செலுத்தும் வசதி முடிந்தது’ என்று சொன்னால் உடனே விளங்குகிறது. அப்படி ஒரு நாள் வரும், அன்று அந்த எபிக்கை மூடலாம்.

பேமென்ட், லாகின், ரிப்போர்ட் போன்றவை ஆப்பின் பகுதிகள். அவற்றுக்குக் ‘காம்பொனன்ட்’ என்ற தனிப் புலமே ஜிராவில் இருக்கிறது. எந்த வெளியீட்டில் போகிறது என்பதற்கு ‘ஃபிக்ஸ் வெர்ஷன்’ உண்டு. ஒரு வேலை இன்னொன்றுக்காகக் காத்திருந்தால் ‘பிளாக்ஸ்’ என்ற லிங்க் உண்டு. பேரன்ட் என்ற இடம் ஒரே கேள்விக்கு உரியது: இந்த டிக்கெட் முடிந்தால் எந்தப் பெரிய வேலை ஓர் அடி முன்னேறும்?

மாற்றும் வரிசை

முதலில் மென்பொருளை மூடிவிட்டுத் தாளில் வரையுங்கள். நம் எடுத்துக்காட்டில் ‘பேமென்ட்’டை உடைத்தால் மூன்று எபிக்குகள் வரலாம்: யூபிஐ வசதி, ரீஃபண்ட் வசதி, ரசீதைப் புது வடிவில் தருவது. எதிலும் சேராத சின்னச் சின்ன பக்குகள் மிஞ்சும். அவற்றுக்காக ‘இதர’ என்று இன்னொரு எபிக் தொடங்கிவிடாதீர்கள். எபிக் இல்லாமலே ஒரு பக் இருக்கலாம். காம்பொனன்ட் ‘பேமென்ட்’ என்று போட்டால் தேடும்போது கிடைத்துவிடும்.

அடுத்து, இப்போதுள்ள நிலையைப் பேரன்ட் விவரத்தோடு ஒரு சிஎஸ்வி கோப்பாக இறக்கி வையுங்கள். எங்கேனும் தவறினால் திரும்பி வர அதுதான் வழி.

பிறகு மேலிருந்து கீழே வாருங்கள். புது எபிக்குகளை முதலில் உருவாக்கி, ஸ்டோரிகளை அவற்றுக்குக் கீழ் மாற்றுங்கள். சப்டாஸ்குகள் தம் ஸ்டோரியோடு தாமாகவே வந்துவிடும். ‘பல்க் சேஞ்ச்’ வசதியில் பலவற்றை ஒரே தடவையில் மாற்றலாம். அதில் மெயில் அனுப்பும் பெட்டியில் உள்ள டிக்கை எடுத்துவிட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் குழுவினரின் இன்பாக்ஸில் மெயில் மழைதான்.

பழைய எபிக் காலியான பிறகு அதை மூடுங்கள், நீக்காதீர்கள். நடந்த பேச்சு, எடுத்த முடிவு எல்லாம் அதன் கமென்ட்களில் இருக்கும். ஸ்டோரிகளில் இன்னும் கவனம் வேண்டும். ஜிராவில் ஒரு ஸ்டோரியை நீக்கினால் அதன் சப்டாஸ்குகளும் சேர்ந்தே அழிந்துவிடும்.

வளர்ந்துவிட்ட சப்டாஸ்க்

‘ரீஃபண்ட் மெசேஜை மாற்று’ என்று அரை நாள் வேலையாகத் தொடங்கிய சப்டாஸ்க் ஒன்று, போகப் போக மூன்று மொழிகள், இரண்டு பேர், பத்து நாள் என்று வளர்ந்துவிட்டது. இனி அது ஸ்டோரியாக வேண்டும். சப்டாஸ்குக்குக் கீழ் இன்னொரு சப்டாஸ்க் வைக்க ஜிரா விடாது; தாய் ஸ்டோரி இருக்கும் ஸ்பிரிண்ட்டை (குறிப்பிட்ட கால வேலைச் சுற்றை) விட்டு அது தனியாக வேறு ஸ்பிரிண்ட்டுக்கும் போக முடியாது.

அதை ஸ்டோரியாக மாற்றியதும் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, பேரன்ட் புலத்தில் சரியான எபிக் இருக்கிறதா? இரண்டு, ஸ்டோரி பாயின்ட். சப்டாஸ்காக இருந்தவரை அதன் பாயின்ட் வெலாசிட்டி (ஒரு ஸ்பிரிண்ட்டில் குழு முடிக்கும் பாயின்ட்) கணக்கில் சேர்ந்திருக்காது. இப்போது அதற்கு ஐந்து பாயின்ட் போடுகிறீர்கள் என்றால், பழைய ஸ்டோரியின் மதிப்பீட்டையும் குறைக்க வேண்டுமா என்று குழுவோடு பேசி முடிவெடுங்கள். இல்லையேல் ஒரே உழைப்பை இரண்டு முறை எண்ணிவிடுவோம்.

அஷூர் டெவ்ஆப்ஸில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: யூசர் ஸ்டோரிக்குக் கீழ் இன்னொரு யூசர் ஸ்டோரியை வைக்காதீர்கள். வைத்தால் பேக்லாக்கில் வரிசை மாற்ற முடியாமல் போகும், சில டிக்கெட்டுகள் கண்ணிலேயே படாமலும் போகலாம். பெரிய ஸ்டோரியை ஃபீச்சராக மாற்றுங்கள், அல்லது ஒரே ஃபீச்சருக்குக் கீழ் இரண்டையும் பக்கத்தில் வையுங்கள்.

முடித்த பிறகு

பழைய எபிக்கின் எண்ணைச் சொல்லித் தேடும் ஃபில்டர்கள் இப்போது வெறுமையாக நிற்கும். அவற்றை நம்பியிருக்கும் போர்டு, டாஷ்போர்டு, ஆட்டோமேஷன் விதி எல்லாவற்றையும் ஒருமுறை திறந்து பாருங்கள். ஒரே புராஜெக்டுக்குள் வகையை மாற்றினால் டிக்கெட் எண் மாறாது. வேறு புராஜெக்டுக்கு நகர்த்தினால் புது எண் வரும்.

இந்த வேலைக்கு உகந்த நேரம், ஒரு ஸ்பிரிண்ட் முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முந்தைய இடைவெளி. நடுவில் கைவைத்தால் அந்த ஸ்பிரிண்ட்டின் கணக்கே கலங்கிப்போகும்.

எல்லாம் சரியாக அமைந்ததா என்று பார்க்க ஒரு டிக்கெட் போதும். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொடுங்கள். அதைச் செய்கிறவரிடம், “இது முடிஞ்சா எது முடியும்?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலும் பேரன்ட் புலத்தில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருந்தால், மேலாளரின் கேள்விக்கு இனி திரையே பதில் சொல்லும்.