ஆயில் திரும்பும் வழி

1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் மாஸ்டா நிறுவனம் எம்எக்ஸ்-5 என்ற குட்டித் திறந்த காரை அறிமுகம் செய்தது. 1.6 லிட்டர் எஞ்சின்; அமெரிக்காவில் விற்ற வண்டியில் 116 குதிரைத்திறன். வளைவுகளில் ஓட்ட அவ்வளவு இனிமையான கார். ஆனால் நேர்ச்சாலையில் இன்னும் கொஞ்சம் இழுத்தால் தேவலை என்று தோன்றும். அதே குடும்பத்து எஞ்சின் மாஸ்டா 323 காரில் டர்போவோடு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததால், ஆர்வலர்கள் எம்எக்ஸ்-5க்கும் வெளியிலிருந்து டர்போ வாங்கிப் பூட்டத் தொடங்கினார்கள். இன்றுவரை பூட்டுகிறார்கள்.

புகையோடு வீணாகும் ஆற்றலைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரத்தால் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிப்பதுதான் டர்போவின் வேலை. சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூஷி 1905லேயே காப்புரிமை பெற்ற யோசனை இது. கேட்க எளிது. ஆனால் தொழிற்சாலை இடம் ஒதுக்காத எஞ்சின் அறையில் அதை உட்கார வைக்க, ஏற்கெனவே இருப்பவை நகர வேண்டும். காற்று வடிகட்டிப் பெட்டி இடம் மாறும். சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் ரேடியேட்டருக்கு முன்னால் வந்து நிற்கும்.

தண்ணீர்ப் பாதையும் மாறுவதுண்டு. 323 காரில் இந்த எஞ்சின் குறுக்குவாட்டில் இருந்தது. எம்எக்ஸ்-5இல் நெடுக்குவாட்டில் திருப்பி வைத்தபோது, தண்ணீர் வெளியேறும் வாயை மாஸ்டா முன்பக்கத்துக்குக் கொண்டுவந்தது. தண்ணீர் உள்ளே போவதும் முன்பக்கம்தான். அதனால் ஒரு பகுதி குறுக்குவழியில் வெளியேறிவிட, பின்னால் இருக்கும் சிலிண்டர்களுக்குக் குளிர்ச்சி குறைகிறது. சாதாரண ஓட்டத்துக்கு இது பெரிய குறை இல்லை. டர்போவின் கூடுதல் வெப்பம் சேரும்போதுதான் உறுத்தும். ஆகவே பலர் வெளிவாயையும் தெர்மோஸ்டாட்டையும் எஞ்சின் தலையின் பின்பக்கத்துக்கே மாற்றிவிடுகிறார்கள்.

இத்தனையும் கண்ணுக்குத் தெரியும் வேலைகள். டர்போவின் ஆயுளைத் தீர்மானிப்பதோ ஆயில், அதிலும் அது திரும்பிப் போகும் வழி. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. ஒரு முனையில் 900 டிகிரி செல்சியஸை எட்டும் புகை. தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே மில்லிமீட்டரில் நூறில் சில பங்கே இடைவெளி. அதில் நிற்கும் ஆயில் படலத்தின் மேல்தான் தண்டு மிதக்கிறது. ஆயில் சில நொடிகள் நின்றாலும் உலோகம் உலோகத்தைத் தொடும்.

ஆயிலை டர்போவுக்குக் கொண்டுவருவது சுலபம். எஞ்சினில் ஆயில் பிரஷர் சென்சார் இருக்கும் துளையில் ஒரு டீ இணைப்பைப் போட்டு, எஃகுப் பின்னல் போர்த்திய மெல்லிய ஹோஸை இழுத்தால் போதும். பம்ப் தள்ளிக் கொடுக்கும். ஆயில் படலத்துக்குப் பதில் குண்டுகளின் மேல் தண்டு சுழலும் பால் பேரிங் டர்போவுக்கு அவ்வளவு ஆயில் தேவையில்லை. அதன் வாயில் ஒரு மில்லிமீட்டர் அளவே துளையுள்ள தடுப்பு வைப்பார்கள்.

வெளியே வரும் ஆயிலைத் தள்ள எந்தப் பம்பும் இல்லை. பேரிங்கைக் கடந்ததுமே அதன் அழுத்தம் போய்விடுகிறது. காற்று கலந்து நுரையாக, தன் எடையால் மட்டுமே கீழே விழுகிறது. வீட்டுக்குள் வரும் தண்ணீருக்கு அரை அங்குலக் குழாய் போதும், கழிவுநீருக்கு நாலு அங்குலம் வேண்டும் என்பது போலத்தான் இதுவும். திரும்பும் ஹோஸ் உள்ளே வரும் ஹோஸைவிட இரண்டு மூன்று மடங்கு அகலமாக இருக்க வேண்டும். டர்போவின் வடிகால் வாய் செங்குத்திலிருந்து 35 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது. வழியில் எங்கும் தொய்வோ மேடோ ஆகாது. எஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்பில், ஆயில் மட்டத்துக்கு மேலேதான் அது சேர வேண்டும். கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை வாரி அடிக்கும் இடத்தையும் விட்டு விலகியிருக்க வேண்டும். எஞ்சின் மவுண்டையும் புகைக்குழாயையும் சுற்றிக்கொண்டு இத்தனை விதியையும் காப்பாற்றும் பாதையைக் கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையின் உண்மையான திறமை என்பேன்.

வடிகால் அடைத்தால் என்ன ஆகும்? டர்போவின் சீல் ரப்பர் அல்ல, பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய உலோக வளையம். தேங்கி நிற்கும் ஆயிலை அது தாங்காது. ஆயில் புகைப்பக்கம் கசிந்து நீலப் புகையாக வெளியேறும். டர்போ கெட்டுவிட்டது என்று புதிதாக ஒன்று வாங்கிப் போடுவார்கள், அதுவும் புகையும். பிஸ்டன்களைத் தாண்டிக் கசியும் வாயு கிராங்க் அறையில் அழுத்தம் ஏற்றினாலும் இதே கதைதான், அது வடிகுழாய் வழியே மேலே எதிர்த்துத் தள்ளும். ஆகவே எஞ்சினின் மூச்சுக்குழாயையும் கவனிக்க வேண்டும். இடமில்லாமல் டர்போவை வண்டியின் பின்னால், சம்பைவிடத் தாழ்வாகப் பூட்டுவோரும் உண்டு. அங்கே ஆயிலை உறிஞ்சி அனுப்பத் தனிப் பம்ப் வேண்டும்; அது நின்றால் டர்போவுக்குள் ஆயில் நிரம்பிவிடும்.

திரும்பும் ஆயில் சேரச் சம்பில் ஒரு துளை போட வேண்டும். எம்எக்ஸ்-5இல் சம்பைக் கழற்றுவது பெரும்பாடு. எஞ்சினைத் தூக்க வேண்டும், அல்லது கீழிருக்கும் தாங்குசட்டத்தை இறக்க வேண்டும். அதனால் மாட்டியபடியே துளை போடுகிறவர்கள் டிரில் பிட்டில் கிரீஸ் அப்பிக்கொண்டு, சிறிது துளைத்து, துடைத்து, மறுபடி அப்பித் துளைக்கிறார்கள். உலோகத் துகள் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும். எல்லாத் துகளும் ஒட்டுமா? ஆயில் ஃபில்டர் இருப்பது பம்புக்கு அப்பால். பம்புக்கு முன்னால் இருப்பது வெறும் கம்பிவலை. எனவே பாடுபட்டாலும் சம்பைக் கழற்றித் துளைத்துக் கழுவி மாட்டுவதையே நான் சரி என்பேன். இணைப்புகளில் சிலிகான் பசையும் வேண்டாம், கேஸ்கெட் போதும். பிதுங்கிய பசை உதிர்ந்து ஆயில் துளையை அடைத்துவிடும்.

எல்லாம் பூட்டியபின் டர்போவின் மேல்வாயில் சுத்தமான ஆயிலை ஊற்றி, சக்கரத்தை விரலால் மெல்லச் சுழற்ற வேண்டும். பிறகு மேல் ஹோஸை மாட்டி, எரிபொருளையும் தீப்பொறியையும் துண்டித்துவிட்டு, ஆயில் பிரஷர் முள் எழும்வரை ஸ்டார்ட்டரை மட்டும் விட்டு விட்டுச் சுற்ற வேண்டும். முள் எழுந்தபின் ஸ்டார்ட் செய்யலாம்.