திரை முழுவதும் நமதன்று

மெர்சிங் படகுத்துறையில் நின்று பார்த்த நேயர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். ஆறு கடலில் கலக்கும் இடம் பார்வைக்கு அகலமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அந்த அகலம் முழுவதும் படகுக்கு உதவுவதில்லை. முகத்துவாரம் ஆழம் குறைந்தது. ஆகவே தியோமான் தீவுக்குச் செல்லும் படகுகளின் புறப்பாட்டு நேரம் கடல் பெருகுவதையும் வற்றுவதையும் ஒட்டியே அமைகிறது. படகோட்டி கரைக்குக் கரை உள்ள தூரத்தை நம்புவதில்லை. அந்த நேரத்தில் எங்கே போதிய நீர் இருக்கிறதோ அதையே நம்புகிறார்.

அந்தத் துறையிலேயே ஒரு பயணி நிற்பதாக வைத்துக்கொள்வோம். அவருடைய பயணச்சீட்டு கைப்பேசியில் இருக்கிறது. படகு புறப்படும் நேரம் திரையின் உச்சியில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் கேமராவுக்காக விடப்பட்ட கறுப்பு வெட்டுக்குள் அதன் பாதி மறைந்துவிட்டது. சீட்டைக் காட்டுவதற்கான பொத்தான் திரையின் அடிவிளிம்பை ஒட்டி இருக்கிறது. அதைத் தொடும்போது விரல் சற்றே மேல்நோக்கி இழுபட்டாலும் செயலி மறைந்து முகப்புத் திரை வந்துவிடுகிறது. பின்னால் நீண்ட வரிசை. கடல் வற்றத் தொடங்கினால் அவருக்காகக் காத்திருக்குமா? இத்தனைக்கும் அந்தச் செயலியை எழுதியவர் தம்முடைய கைப்பேசியில் சோதித்துத்தான் வெளியிட்டிருப்பார். அவருடைய கைப்பேசியில் வெட்டு இல்லை, அவ்வளவுதான்.

திரையில் எழுத்தும் பொத்தானும் தடையின்றித் தெரியக்கூடிய பகுதியை ஆங்கிலத்தில் 'சேஃப் ஏரியா' என்கிறார்கள். நாம் பாதுகாப்புப் பரப்பு என்று சொல்லலாம். இந்த எண்ணம் கைப்பேசியோடு பிறந்ததன்று. மலேசியாவில் 1963 டிசம்பர் 28ஆம் நாள் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியபோது வீடுகளில் இருந்தவை படக்குழாய்ப் பெட்டிகள். படத்தின் ஓரங்கள் பெட்டியின் சட்டத்துக்குப் பின்னால் மறைந்துபோகும். எவ்வளவு மறையும் என்பது பெட்டிக்குப் பெட்டி வேறுபடும். அதனால் தலைப்பெழுத்துகளைப் படத்தின் நடுவில் 80 விழுக்காட்டுக்குள்ளும், முக்கியமான அசைவுகளை 90 விழுக்காட்டுக்குள்ளும் வைத்துக்கொள்வது ஒளிபரப்பாளர்களின் வழக்கமாயிற்று.

கைப்பேசியில் நெடுநாள் இந்தக் கவலை பெரிதாக இல்லை. ஐஃபோனின் மேற்புற நிலைப்பட்டைக்கு 20 புள்ளி உயரம் விட்டால் போதும். 2017இல் வந்த ஐஃபோன் எக்ஸ் இதை மாற்றியது. அதை நிமிர்த்திப் பிடித்தால் திரையின் உயரம் 812 புள்ளி. மேலே வெட்டுக்காக 44, கீழே முகப்புக் கோட்டுக்காக 34 போக, நமக்கு மிஞ்சுவது 734. படுக்க வைத்தால் இடமும் வலமும் 44 வீதம் போகிறது, கீழே 21. ஆண்ட்ராய்டு 2018இல், தன் 9ஆம் பதிப்பில், வெட்டின் அளவைச் செயலிக்குத் தெரிவிக்கும் வசதியைச் சேர்த்தது. 2024இல் வந்த ஆண்ட்ராய்டு 15 இன்னும் ஒரு படி சென்றது: அந்தப் பதிப்பை இலக்காகக் கொண்ட செயலிகள், எழுதியவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், விளிம்புக்கு விளிம்பு பரவியே வரையப்படும். அதுவரை சரியாக இருந்த பொத்தான்கள் சில செயலிகளில் வழிசெலுத்தும் பட்டைக்கு அடியில் புகுந்துகொண்டதற்கு இதுவே காரணம்.

ஃபிளட்டர், ரியாக்ட் நேட்டிவ் போன்ற கருவிகளில் ஒரே நிரலை எழுதி இருவகைக் கைப்பேசிகளுக்கும் அனுப்புகிறோம். இங்கேதான் தவறு எளிதில் நுழைகிறது. மேலே 44 புள்ளி விட வேண்டும் என்று படித்தவுடன் அந்த எண்ணை அப்படியே நிரலில் எழுதிவிடுகிறோம். பின்னர் ஐஃபோன் 12இல் அது 47 ஆயிற்று. 14 புரோவில் 59 ஆயிற்று. ஆண்ட்ராய்டிலோ ஒவ்வொரு நிறுவனமும் கேமராத் துளையைத் தான் விரும்பிய இடத்தில் வைக்கிறது. எண்ணை எழுதி வைப்பது, நேற்றைய நீர்மட்டத்தைப் பார்த்து இன்று படகு விடுவது போன்றதாகும். கைப்பேசியையே கேட்க வேண்டும். திரை திரும்பும் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். ஃபிளட்டரில் 'சேஃப்ஏரியா' என்ற உறுப்பு இதை நமக்காகச் செய்கிறது. ரியாக்ட் நேட்டிவோடு வந்த 'சேஃப்ஏரியாவியூ' ஐஃபோனில் மட்டுமே பயன்பட்டது. 2025இல் அதைக் கைவிடத்தக்கது என்று அறிவித்துவிட்டார்கள். அதற்குப் பதிலாகச் 'சேஃப் ஏரியா கான்டெக்ஸ்ட்' என்ற தனித் தொகுப்பைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பாதுகாப்பு என்ற சொல் ஒரு வகையில் நம்மை ஏமாற்றுகிறது. எல்லைக்கு வெளியே எதையும் வைக்கக் கூடாது என்று எண்ணிச் சிலர் முழுத் திரையையும் உள்ளே ஒடுக்கிவிடுகிறார்கள். மேலும் கீழும் வெள்ளைப் பட்டைகள் நின்று பார்ப்பவர் கண்ணை உறுத்துகின்றன. பின்னணி நிறமும் படமும் விளிம்பு வரை தாராளமாகப் பரவலாம். தியோமானின் படம் வெட்டுக்குப் பின்னாலும் போகட்டும். படகு புறப்படும் நேரம் போகக் கூடாது.

இன்னொரு தவறு, ஒரே இடைவெளியை இருமுறை விடுவது. தலைப்புப்பட்டை ஏற்கெனவே இடம் விட்டிருக்க, உள்ளே உள்ள பக்கமும் இடம் விட்டால் நடுவில் வெறும் பாழ்வெளி தோன்றும். ஃபிளட்டரின் சேஃப்ஏரியா தான் எடுத்துக்கொண்ட அளவைத் தனக்குள் இருப்பவற்றின் கணக்கிலிருந்து நீக்கிவிடுவதால், ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தாலும் குழப்பமில்லை. மற்ற கருவிகளில் எந்த உறுப்பு இடம் விடுகிறது என்பதை நாமே தீர்மானிக்க வேண்டியிருக்கலாம்.

விசைப்பலகை எழும்போது கணக்கு மறுபடி மாறுகிறது. பயணி தம் பெயரை எழுதப் போகிறார். கீழிருந்து விசைப்பலகை மேலே வருகிறது. ஐஃபோனில் அதன் உயரத்துக்குள் முகப்புக் கோட்டின் 34 புள்ளியும் அடங்கிவிடுகிறது. இரண்டையும் கூட்டினால், எழுதும் பெட்டிக்கும் விசைப்பலகைக்கும் இடையே ஒரு வெற்றிடம் நிற்கும். கூட்டக் கூடாது, இரண்டில் பெரியதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இவற்றையெல்லாம் மேசைக் கணினியின் மாதிரித் திரையில் மட்டும் பார்த்து முடிவு செய்வது போதாது. வெட்டு உள்ள கைப்பேசி ஒன்று, துளை உள்ளது ஒன்று, மூன்று பொத்தான் பட்டை உள்ள பழைய ஆண்ட்ராய்டு ஒன்று என மூன்றாவது வேண்டும். ஒவ்வொன்றையும் இடப்புறம் ஒருமுறை, வலப்புறம் ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். எழுத்தின் அளவை முழுவதும் பெரிதாக்கி, விசைப்பலகையைத் திறந்து, படகு நேரம் முழுமையாகத் தெரிகிறதா, பொத்தான் விரலுக்கு எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். படகுத்துறையில் நிற்கும் முதியவர் பெரும்பாலும் அப்படித்தான் தம் கைப்பேசியை வைத்திருப்பார்.